நான்காவது லைனின் பிசிறு

எங்கள் இசைக்குழுவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், வெறும் பயம். நான் இன்றும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன். நான் பாட்டுக் கட்டுகிறவன் என்பது அங்கே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பிறவியிலேயே நான் பயந்தாங்கொள்ளி. பாலத்தில் கார் ஓட்டும்போது நடுவில் பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று பயப்படுவேன், டேங்க் நிறைய இருந்தாலும். மேடையில் லேப்டாப் செத்துவிடுமோ என்று இரண்டாவது லேப்டாப் கொண்டுபோவேன். அதுவும் செத்துவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசிப்பேன். எங்கள் சுவரொட்டிகளில் மூன்று பேரின் முகமும் இல்லாமல் ஒரு கோட்டுச் சித்திரம் மட்டும் இருப்பதற்கும் நான்தான் காரணம். அதைக் கலைநுணுக்கம் என்று ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். சிரித்துக்கொண்டோம்.

நாங்கள் மூன்று பேர். பாடுகிறவள் என்னோடு படித்தவள், கெலுகோரில் ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிறாள். தாளம் போடுகிறவன் நிபோங் திபால் ஊர்க்காரன், கோயில் ஊர்வலங்களில் உறுமி அடித்து வளர்ந்தவன். டயர் கடையில் வேலை, மாலையில் எலெக்ட்ரானிக் பேடில் அடி. விசைப்பலகையும் கணினியும் என் பொறுப்பு. மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகியின் ஃப்ளாட்டில் கூடுவோம். சத்தம் வெளியே போகாமலிருக்கப் பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். அந்த அறைக்குள் பத்து நிமிடம் இருந்தால் சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிடும்.

முதல் இரண்டு வருடம் ஆங்கிலத்தில் பாடினோம். எங்கோ குளிர்நாட்டில் மழை பெய்கிற மாதிரி ஒரு சோகம், நீள நீளமான சுரங்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். ஒரு காப்பிக்கடையில் வாசித்தபோது பதினோரு பேர் வந்திருந்தார்கள், அதில் நான்கு பேர் கடை ஊழியர்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் தாளக்காரன் பொறுமை இழந்தான்.

"மச்சான், நம்ம பாட்டக் கேட்டா எனக்கே தூக்கம் வருது லா. அடிக்கிறவன் நானே கொட்டாவி விட்டா எப்படி?"

அடுத்த ஒத்திகைக்கு உறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதைப் பதிவுசெய்து, வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டோம். பாடகி தமிழில் எழுதத் தொடங்கினாள். இந்த முறை ஜனங்கள் ஆடினார்கள். ஆனால் ஆடினவர்கள் கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டார்கள், கல்யாண விருந்தில் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் மணமகனின் மாமா மைக்கைப் பிடுங்கித் தானே பாட ஆரம்பித்ததும் பாடகி மேடையை விட்டு இறங்கிப் போனாள். ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

திரும்பி வந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நீ காலையில ஏழுக்குப் போயி ராத்திரி ஏழுக்கு வர. பன்னெண்டு மணி நேரம். அந்த எடத்துல என்னதான் சத்தம் கேக்குது? அதுல ஒன்னும் இல்லியா?"

எல்லா வம்பும் அந்தக் கேள்வியில் தொடங்கியது.

நான் வேலை பார்ப்பது சர்க்கியூட் பலகைகளில் சில்லுகளைப் பொருத்தும் பிரிவில். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய லைன்களின் இயந்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அரிசிமணியை விடச் சிறிய சில்லுகளை இயந்திரம் ஒரு நாடாவிலிருந்து கொத்தி எடுத்துப் பலகையில் வைக்கும். டக்கு டக்கு டக்கு என்று, மூச்சு விடாமல். நாடா சுற்றியிருக்கும் ரீல் தீர்ந்துவிட்டால் அலாரம் அடிக்கும். மூன்று சுரம். அந்த லைனின் ஆப்பரேட்டர் முப்பது விநாடிக்குள் போய்ப் புது ரீலை மாட்ட வேண்டும். தவறினால் சுவரிலிருக்கும் பெரிய பலகை சிவப்பாகும், அவருடைய எண் அதில் ஏறும். மாதக் கடைசியில் அந்தச் சிவப்புகளை வைத்துக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

நான்காவது லைனில் ஓர் அக்கா. சிம்பாங் அம்பாட்டிலிருந்து கிலாங் பஸ்ஸில், அதாவது தொழிற்சாலை பஸ்ஸில் வருவார். அந்த இடத்தில் இருபத்திரண்டு வருடம். எங்கள் பிரிவில் ஓடக் கூடாது என்று சுவரில் மூன்று மொழியில் எழுதியிருக்கும். நடந்தால் முப்பது விநாடிக்குள் போய்ச் சேர முடியாது. அக்கா இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை கண்டுபிடித்து வைத்திருந்தார். இடுப்புக்கு மேலே நடை, கீழே ஓட்டம். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஆனால் அவர் எண் பலகையில் ஏறி நான் பார்த்ததே இல்லை.

நான்காவது லைனின் அலாரத்தில் ஒரு குறை உண்டு. ஒலிபெருக்கியில் எப்போதோ விரிசல் விழுந்துவிட்டது. முதல் இரண்டு சுரமும் சுத்தமாக வரும், மூன்றாவது சுரம் சளி பிடித்த தொண்டை மாதிரி பிசிறும். யாரும் மாற்றவில்லை, சத்தம் வந்தால் போதுமே. எனக்கு மட்டும் அந்தப் பிசிறைக் கேட்கும்போதெல்லாம் கையை நீட்டித் தொட வேண்டும் போல இருக்கும்.

லைன்கள் ஓடும் கூடத்துக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை, வெளியே அவரவர் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எந்தப் பதிவுக் கருவிக்கும் அனுமதி இல்லை. வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்: கண்டுபிடித்தால் அன்றே வேலை போகும். அப்படி இரண்டு பேர் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் தன் குழந்தையின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தீவில் ஒரு தொழிற்சாலை அப்படி விரட்டியவனை இன்னொன்று எடுக்காது. என் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதே கம்பெனியின் மருத்துவ அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்திருந்தோம். வேலை போனால் எல்லாம் போனது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், கட்டைவிரல் அளவுள்ள ஒரு ரெக்கார்டரை வலது காலுறைக்குள் செருகிக்கொண்டு மூன்று நாள் உள்ளே போனேன். வாசல் காவலரைக் கடந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டதே, அந்தத் தாளத்தைப் பதிவுசெய்திருந்தால் அதுவே ஒரு நல்ல பாட்டு. பயந்தவர்கள் அபூர்வமாகத்தான் துணிவார்கள், துணிந்தால் கிறுக்குத்தனமாகத் துணிவார்கள் போலும்.

ஞாயிற்றுக்கிழமை மெத்தை அறையில் அதைப் போட்டுக் காட்டினேன். இயந்திரத்தின் டக்கு டக்குக்குத் தாளக்காரனின் விரல்கள் தானாக மேசையில் ஆடின. அலாரம் வந்ததும் பாடகி கண்ணை மூடிக்கொண்டாள். அரை மணி நேரத்தில் பாட்டின் எலும்புக்கூடு எழுந்துவிட்டது. தாளக்காரனுக்கு ஒன்றுதான் பிடிக்கவில்லை.

"மூணாவது சுரம் ஒடையுது டா. அத சுத்தம் பண்ணிரு."

"அதுதான்டா பாட்டோட உயிரு."

"ஸ்பீக்கர் கெட்டுப் போனதெல்லாம் உயிரா?"

"அதத் தொட்டா இந்தப் பாட்டே வேணாம்."

வாழ்க்கையில் நான் பிடிவாதம் பிடித்தது அந்த ஒரு முறைதான். சுத்தம் செய்திருந்தால் அது உலகத்தில் ஆயிரம் இயந்திரங்களுக்குப் பொதுவான சத்தம். பிசிறை விட்டுவைத்ததால் அது எங்கள் நான்காவது லைனின் கைரேகை ஆகிவிட்டது. இசை தெரியாதவன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

பாட்டை இணையத்தில் போட்டோம். முதல் முறையாக எங்கள் பாட்டு எங்களை விட்டு வெளியே போனது. லெபோ பந்தாய் தெருவில் ஒரு துணிக்கடையில் கேட்டதாகப் பாடகி சொன்னாள். கோலாலம்பூரிலிருந்து யாரோ எழுதினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கை அரங்காக மாற்றியவர்கள் எங்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். நானோ ஒவ்வொரு முறை யாராவது பாராட்டும்போதும் அவர் எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார் என்று விசாரித்தேன்.

ஒரு மதியம் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்மேசையில் ஒரு பெண் கைபேசியில் பாட்டை ஓடவிட்டாள்.

"ஏய், இங்க கேளேன், நம்ம லைன் நாலு மாதிரியே அடிக்குது லா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எதிர் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். மூன்றாவது சுரம் பிசிறிய அந்தக் கணம் அவர் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். பாதி எழுந்தபிறகுதான் இது கேன்டீன் என்று அவருக்கு உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை. நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

நான்கு நாளில் விஷயம் மேலே போய்விட்டது. உள்ளே யாரோ பதிவுக் கருவி கொண்டுவந்திருக்கிறார்கள், வாடிக்கையாளரின் காதுக்குப் போனால் ஒப்பந்தமே போகும் என்று பேச்சு அடிபட்டது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் லைன்காரர்களை ஒவ்வொருவராகப் பெரிய இன்ஜினியர் விசாரிப்பார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை. மனைவி என்ன என்ன என்று கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன். அது பொய்யும் இல்லை, ஒரு நாளைக்கு ஆறு முறை கழிப்பறைக்கு ஓடினேன். பாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றாள் பாடகி. இப்போது எடுத்தால் நாம்தான் என்று நாமே கைதூக்கிய மாதிரி என்றான் தாளக்காரன். இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. ஆகவே ஒன்றும் செய்யவில்லை. யார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், ஸ்பானர் கேட்பதற்காக இருந்தாலும், முதலில் வாசல் பக்கம்தான் பார்த்தேன்.

என் முறை வந்தது. இன்ஜினியர் தன் கணினியில் பாட்டைப் போட்டார். என் பாட்டு, என் மேலதிகாரியின் மேசையில், சின்ன ஒலிபெருக்கியில். குரல் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, குறைத்திருக்கலாம் என்று அந்த நேரத்திலும் மண்டைக்குள் ஒன்று சொன்னது.

இது நம் லைனா என்று மலாயில் கேட்டார்.

எல்லா இயந்திரமும் ஏறக்குறைய இப்படித்தான் சார் என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் தலையாட்டினார். நான்காவது லைன் ஆப்பரேட்டரைக் கடைசியாகக் கூப்பிடப்போகிறேன், இருபத்திரண்டு வருடம் கேட்டவர், கண்ணைக் கட்டிவிட்டாலும் லைனைச் சொல்வார், அவர் சொல்வதுதான் முடிவு என்றார். நம் லைன்தான் என்று அவர் சொன்னால், அங்கே வேலை பார்க்கும், என்னையும் சேர்த்து நான்கு பேரின் பெட்டி, பை, கைபேசி எல்லாவற்றையும் சோதிப்பார்களாம். என் கைபேசியில் இருபத்தேழு ஒத்திகைப் பதிவுகள் இருந்தன.

அக்கா உள்ளே போனதைப் பார்த்தேன். ஐந்தாவது லைனில் ஒரு மூடியைக் கழற்றி, மாட்டி, திரும்பக் கழற்றினேன். என் மனைவியின் முகமும் மருத்துவ அட்டையும் மாறி மாறி வந்தன. கால்மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஷிப்ட் முடியும்வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மாலை பஸ் நிற்கும் இடத்தில் அவரே என்னிடம் வந்தார்.

"நம்ம லைன் இல்லன்னு சொல்லிட்டேன்."

எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"நடிக்காத தம்பி. நீ ஸ்க்ரூட்ரைவர வச்சு மெஷின் மூடிமேல தட்டுவியே, அதே தட்டு அந்தப் பாட்டுல இருக்கு. ஏழு வருஷமா ஒன் தட்டக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"அக்கா... நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

"ஒன் பொண்டாட்டி வயித்துப் புள்ளக்காரி. அப்பறம் என்ன சொல்லச் சொல்ற?" என்றவர் சட்டென்று குரலை உயர்த்தினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஆனா ஏன் தம்பி அந்தச் சத்தம்? ஒலகத்துல வேற சத்தமே கெடைக்கலியா? போன ஞாயித்துக்கெழம கொல்லையில துணி காயப்போட்டுகிட்டு இருக்கேன். என் மவ வீட்டுக்குள்ள ஒன் பாட்டப் போடுறா. துணியப் போட்டுட்டு என் காலு தானா ஓடுது! கதவுகிட்டப் போயி நின்னு முழிக்கிறேன். மாட்டுறதுக்கு ரீலு எங்கன்னு கையி தேடுது. மவ சிரிக்கிறா. ஞாயித்துக்கெழம தம்பி! அந்த ஒரு நாளுதான் அது என்னைய விட்டுருந்துச்சு."

நான் எவ்வளவோ பயந்திருக்கிறேன். ஆனால் அவருக்கு எது பயம் என்று ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. அந்தப் பாதி நடை பாதி ஓட்டத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எனக்கு அழகாகக் கேட்ட சத்தம் அவரை இருபத்திரண்டு வருடம் விரட்டிய சத்தம். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. எடுத்துவிடுகிறேன் அக்கா, இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

பஸ் வந்து நின்றது. ஏறப்போனவர் திரும்பினார்.

"எடுக்கறதுக்கு முன்ன ஒரு தடவ என் முன்னால போடு. சத்தமா. நான் ஒக்காந்து கேக்கணும்."

"எங்கக்கா?"

"நீங்க ஆட்டம் போடுற எடத்துலதான். வேற எங்க?"

கிடங்கு நிகழ்ச்சிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அலாரம் வரும் இடங்களிலெல்லாம் பாடகி தன் குரலால் அந்த மூன்று சுரத்தை முனகுவதாக மாற்றியமைத்தோம். மூன்றாவதில் அவளும் பிசிறிப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன், தாளக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நிகழ்ச்சியில் கடைசிப் பாட்டில் மட்டும் ஒரே ஒரு முறை அசல் அலாரம், அதோடு முடிந்தது என்று பேசிக்கொண்டோம்.

பயம் இப்போது இரட்டிப்பானது. நான் மாட்டினால் என்னோடு அக்காவும் மாட்டுவார். பொய் சொன்னவர் என்று அவரையும் அனுப்பிவிடுவார்கள். மேடைக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி கட்டச் சொன்னேன். உள்ளே வருகிறவர்களைத் துணியின் ஓட்டை வழியாக ஒவ்வொருவராகப் பார்த்தேன். வழுக்கைத் தலை எதைப் பார்த்தாலும் இன்ஜினியராகத் தெரிந்தது. அக்கா மகளோடு வந்தார். ஊதா நிறப் புடவை, தலையில் பூ. அதுவரை அவரை நீலத் தொப்பியிலும் மேலங்கியிலும்தான் பார்த்திருக்கிறேன், முதலில் அடையாளமே தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிப் பாட்டு வந்தது. அலாரத்துக்கான பொத்தானின் மேல் என் விரல். அழுத்த முடியவில்லை. கூட்டத்தில் எங்கள் தொழிற்சாலைக்காரர் ஒருவராவது இருப்பார், கட்டாயம் இருப்பார். பாடகி தன் முனகலைத் தொடங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். துணிக்கு அந்தப் பக்கம் அக்கா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்திவிட்டேன்.

அந்தக் கிடங்கின் இரும்புக் கூரையில் மோதி நான்காவது லைன் கத்தியது. அக்காவின் இரண்டு கைகளும் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டன. செருப்புக்குள் குதிகால்கள் எழும்பின. ஐந்து, பத்து, பதினைந்து. நான் எண்ணினேன், அவர் உதடும் எண்ணியது. தாளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். அலாரம் மட்டும். இருபத்தைந்து. அவர் முகம் வலியில் இருப்பவர் முகம் மாதிரி ஆனது. நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். அவர் இல்லை என்று தலையாட்டினார், எனக்கா, தனக்கா, தெரியவில்லை. முப்பது.

பலகை எதுவும் சிவப்பாகவில்லை. முப்பத்தைந்து, நாற்பது. குதிகால்கள் மெல்லத் தரையில் இறங்கின. கைகள் நாற்காலியை விட்டன. மடியில் கையை வைத்துக்கொண்டு, எதிர்வீட்டில் பால் பொங்கினால் நமக்கென்ன என்கிற மாதிரி, அவர் அந்தச் சத்தத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஒரு நிமிடம் முடிந்ததும் நிறுத்தினேன். கூட்டம் கைதட்டியது, அவர்களுக்கு அது ஒரு புதுமையான முடிவு. மேடையிலிருந்து இறங்குவதற்கு முன் அந்த அலாரப் பதிவை அழித்தேன்.

வீட்டுக்குப் போனதும் இணையத்தில் இருந்ததையும் மாற்றிவிட்டோம். பழையதுதான் நன்றாக இருந்தது என்று சிலர் எழுதினார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

திங்கட்கிழமை காலை வாசலில் காவலர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உயிரே போய்விட்டது. அட்டையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, நான்காவது லைன் அடித்தது. இரண்டு சுரம் சுத்தம், மூன்றாவது பிசிறு. நீலத் தொப்பியில் அக்கா எழுந்து அந்தப் பாதி நடையில் பாதி ஓட்டத்தில் என்னைக் கடந்து போனார். போகிறபோக்கில், என்னைப் பார்க்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒரு நிமிஷம் தம்பி. முழுசா ஒரு நிமிஷம் நான் எந்திரிக்கல."

ரீலை மாட்டி முடித்தபோது இருபத்தாறு விநாடி ஆகியிருந்தது.